ரேடியோவுக்கு வைத்த பரீட்சை

"நம்ம வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுறோம்னு எந்த வாயால சொன்னீங்க? அந்த வாய இப்ப தொறங்க பாப்போம்."

"மெதுவாப் பேசு."

"எதுக்கு மெதுவா? தமிழ்ல பேசறது பக்கத்து வீட்டுக்குக் கேட்டுடுமா? கேக்கட்டும். அவங்களாவது கேக்கட்டும். இந்த வீட்டுல யாருக்கும் காது இல்ல."

"அன்னைக்கு அந்தம்மா கேட்டாங்க, நான் சொல்லிட்டேன். விட்டுத்தொலை."

"விட்டா வண்டி வந்து கூட்டிட்டுப் போயிடும். உங்க பொண்ண."

அவர்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடினால் இந்தப் பக்கம் என் அலமாரியில் தட்டுகள் அதிரும். அன்று சாயங்காலம் துவைத்த துணியை மின்விசிறிக்கு அடியில் விரித்துக்கொண்டிருந்தேன். மழை விடாமல் பெய்த நாட்கள் அவை. எந்தத் துணியும் காயவில்லை, வீடு முழுக்க ஈர வாடை. ஒட்டுக்கேட்க வேண்டுமென்று நிற்கவில்லை. கையில் ஈரப் போர்வை இருந்தது, அதைக் கீழே போட முடியாமல் நின்றேன், அவ்வளவுதான்.

அவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் ஃபிரிட்ஜ்காரர்தான். கறிக்கடை, பூக்கடை, மருந்துக்கடை என்று எங்கே குளிர்ப்பெட்டி நின்றுபோனாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் மனைவி வீட்டிலிருந்தபடியே துணி திருத்துகிறாள். பேண்ட்டுக்கு நீளம் குறைப்பது, போன ஜிப்பை மாற்றுவது, இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுப்பது, பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவது. எனக்கு அவள் தங்கச்சி மாதிரி. அவர்களுக்கு ஒரே பெண். ஆறு வயது. அவளுக்கு இந்தக் கட்டடத்தில் வைத்த பெயர் ரேடியோ. குடிவந்த நாளில் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு ஏறுகிறவர், இறங்குகிறவர் எல்லோரிடமும் செய்தி வாசித்தாள். எங்க கட்டில் கதவுக்குள்ள நுழையல, அப்பா திட்டுறார், அம்மா சிரிக்குறாங்க, உங்க பையில என்ன?

அந்த ரேடியோ கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோனதை நான் இரண்டு இடத்திலும் பார்த்தேன். வீடு பக்கத்தில். வேலையும் அவள் பள்ளிக்கூடத்தில்தான். சாப்பாட்டுக் கூடத்தில் ரொட்டி வெட்டுவேன், சூப் ஊற்றுவேன், மேஜை துடைப்பேன். அவள் தட்டோடு வரிசையில் வரும்போது, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று தமிழில் மெதுவாகக் கேட்பேன். கண்ணாலேயே வேண்டும் என்பாள். வாய் திறக்க மாட்டாள். பக்கத்தில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொள்வாள். ஆறு வயதுக்கு அந்தப் பார்வை பொருத்தமாகவே இல்லை.

மறுநாள் தங்கச்சி என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்து எல்லாம் சொன்னாள். சேர்க்கை அன்று அவர் மட்டும்தான் பிள்ளையோடு போயிருக்கிறார். அங்கே இருந்த அம்மா, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்டிருக்கிறார். இவர் இங்கிலீஷ் என்று சொல்லிவிட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சொன்னதை உண்மையாக்கிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்து சட்டம் போட்டார். இனிமேல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும்தான்.

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் என்னக்கா? டைட்டு, லூசு, செவ்வாய்க்கிழமை ரெடி. இத வச்சு ஒரு பிள்ளைய எப்படிக்கா வளக்கறது?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு முந்தானையில் ஒட்டியிருந்த நூல்களைப் பிடுங்கிப் பிடுங்கி உருட்டிக்கொண்டிருந்தாள்.

அவர் அடிக்கிறவர் இல்லை, கத்துகிறவரும் இல்லை. அவர் செய்தது வேறு. பிள்ளை தமிழில் ஏதாவது கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார். அப்பா, தண்ணி என்றால் பேப்பரைப் பார்ப்பார். இங்கிலீஷில் கேட்டால்தான் தலை நிமிரும். அதிலும் ஒரு சொல் தவறினால் திருத்துவார், திரும்பச் சொல்லச் சொல்வார். பிள்ளை என்ன செய்யும்? தண்ணீர் குடிக்க என் வீட்டுக்கு வரும். ஏன் இங்கே வந்து குடிக்கிறாள் என்று அதுவரை எனக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டுக் குழாயில் தேனா வருகிறது என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். ஆரம்பத்தில் குடித்துவிட்டுப் படபடவென்று ஒரு பாட்டம் பேசிவிட்டுத்தான் போவாள். பிறகு அதுவும் குறைந்தது. கடைசியில் டம்ளரை விரலால் காட்டுவாள், குடிப்பாள், போவாள்.

அவர் வேலைக்குப் போன நேரத்தில் தங்கச்சி தமிழில் பேசிப் பார்த்தாளாம். பிள்ளை உதட்டில் விரலை வைத்து, கதவைக் காட்டியதாம்.

பள்ளிக்கூடத்திலோ இவள் இங்கிலீஷ் பேசும் வீட்டுப் பிள்ளை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கென்று அங்கே தனியாக ஒரு டீச்சர் உண்டு, தனியாக ஒரு அறை உண்டு. தினம் கொஞ்ச நேரம் அங்கே உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லித்தருவார்கள். இவளை யாரும் அங்கே அனுப்பவில்லை. அனுப்ப வேண்டிய அவசியம் இருப்பதாக யாருக்குத் தெரியும்? இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளை இங்கிலீஷில் கேட்டால் பதில் சொல்லவில்லை என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? பிள்ளைக்கு ஏதோ குறை என்றுதான் நினைப்பார்கள்.

அதனால் ஒரு பரீட்சை வைத்தார்கள். பரீட்சை வைத்த டீச்சர் பெரிய கண்ணாடி போட்டவர், எங்கள் கூடத்துக்கு வந்தால் சூப்பை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுகிறவர். வண்ணக் கட்டங்கள் போட்ட ஒரு அட்டையைக் காட்டி இது என்ன நிறம் என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. படங்களைக் காட்டி இதில் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மரத்துண்டுகளைச் சேர்க்கச் சொன்னபோது மட்டும் மளமளவென்று சேர்த்துவிட்டாளாம். ஊரின் மறுகோடியில் ஒரு பள்ளி இருக்கிறது, பேச்சு வராத, கற்பது சிரமமான பிள்ளைகளுக்கு. அடுத்த பருவத்திலிருந்து அங்கே அனுப்பலாம், காலையில் வண்டி வீட்டு வாசலுக்கே வரும் என்று தகப்பனிடம் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த வாரம் அம்மா அப்பா இருவரும் வந்து பேசிவிட்டுச் சம்மதம் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளியைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. என் அண்ணன் பேரன் அங்கேதான் படிக்கிறான், அவனை மனிதனாக்கியதே அவர்கள்தான். ஆனால் கால் நன்றாக இருக்கிற பிள்ளைக்கு யாராவது மாவுக்கட்டுப் போடுவார்களா?

நானே போய் அந்த டீச்சரிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். சாப்பாட்டுக் கூடத்தில் பேசிப் பேசி எனக்கும் ஏதோ பிழைக்கிற அளவுக்கு இங்கிலீஷ் வரும். தங்கச்சி வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"நீங்க சொன்னா அவர் பொய் சொன்னவரா நிப்பாருக்கா. அவரே சொன்னா, சொன்னத திருத்திக்கிட்டவரா இருப்பாரு. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குல்ல?"

இவ்வளவு கோபத்திலும் அவருக்காக இப்படி யோசிக்கிறாளே என்று நினைத்தேன்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை என் ஃபிரிட்ஜ் உறுமத் தொடங்கியது. சத்தியமாக அதுவாகத்தான் உறுமியது. கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் வேலை செய்யும் விதம் எனக்குப் பிடிக்கும். வந்ததும் திருப்புளியை எடுக்க மாட்டார். முதலில் ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு கேள்வி கேட்பார். எப்பத்திலிருந்து இந்தச் சத்தம்? ராத்திரி அதிகமா, பகலில் அதிகமா? உள்ளே சூடாக எதையாவது வைத்தீர்களா? யாராவது நகர்த்தினீர்களா? ஒரு டாக்டர்கூட என்னிடம் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை. கடைசியில் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து ஒரு கை தள்ளி இழுத்துவைத்தார். உறுமல் நின்றுவிட்டது.

"சுவத்துல ஒட்டிக்கிட்டு மூச்சு விட முடியாம இருந்திருக்குக்கா. வேற ஒண்ணும் இல்ல."

டீ போட்டுக் கொடுத்தேன். தட்டில் இரண்டு ரொட்டித் துண்டு வைத்தேன். அவர் ரொட்டியை டீயில் முக்கியபடியே, சுவத்துல எல்லாம் கேட்டிருக்கும் இல்ல என்றார். கேட்டது என்றேன். ஊருக்கெல்லாம் காதைக் கொடுக்கிற மனுஷன் வீட்டில் மட்டும் ஏன் தம்பி செவிடாக இருக்கிறீர்கள் என்று கேட்டேவிட்டேன். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"அந்த ரூம் உங்களுக்குத் தெரியாதுக்கா" என்றார்.

அவரைச் சின்ன வயதில் இப்படித்தான் ஒரு பள்ளிக்கு மாற்றியிருக்கிறார்கள். இங்கிலீஷ் வராத பிள்ளைகளை எல்லாம் ஒரு தனி அறையில் போட்டார்கள். அந்தக் காலத்து அறை. மாடிப்படிக்குக் கீழே, உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கிற இடம். காகிதம் வெட்டச் சொன்னார்களாம், வெட்டியதை ஒட்டச் சொன்னார்களாம். வெளியே அவர் வயதுப் பையன்கள் கணக்குப் படித்துக்கொண்டிருந்தபோது இவர் வாத்து ஒட்டிக்கொண்டிருந்தார். அறையை விட்டு வெளியே வந்த பிறகும் அவர் அந்த ரூம் பையன்தான். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போதுகூட, அந்த ரூம் பையன் உங்க பக்கம் என்றுதான் சொல்வார்களாம். படிப்பை விட்டுவிட்டு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்ததும்தான் நிம்மதியாக மூச்சு விட்டாராம்.

"அந்தம்மா வீட்டுல என்ன பேசுவீங்கன்னு கேட்டாங்க. கேட்ட உடனே எனக்கு அந்த ரூம் வாடை வந்துச்சுக்கா. பசை வாடை. நான் பதில் சொல்லல. என் வாய் சொல்லிடுச்சு."

அப்படியென்றால் இப்போது பிள்ளை போகப்போகிற இடம் என்ன என்று கேட்டேன். அவர் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவள் பேசிவிடுவாள் என்று நம்புவதாகச் சொன்னார். தினமும் சாயங்காலம் நிறங்களைச் சொல்லிக்கொடுக்கிறாராம். எல்லாம் தெரிகிறதாம், ஆனால் வாயில் வரவில்லையாம். இப்போது போய் நான் சொன்னது பொய் என்றால், பொய் சொல்லிச் சேர்த்த பிள்ளை என்று வெளியே தள்ளிவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். தள்ள மாட்டார்கள் என்று சொல்ல நான் யார், சூப் ஊற்றுகிறவள்.

பேச வரச்சொன்ன நாளும் வந்தது. காலையிலேயே மழை. துணைக்கு வாங்கக்கா என்று தங்கச்சி கேட்டிருந்தாள், கூடத்தில் என்னோடு வேலை செய்கிறவளிடம் ரொட்டி வெட்டும் வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனேன். அவர் இஸ்திரி போட்ட சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அவரைக் கருவிப்பை இல்லாமல் பார்க்க ஒரு மாதிரி இருந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேண்ட் பையில் விட்டார், எடுத்தார். தங்கச்சி விடியும்வரை யாருடைய கோட்டுக்கோ உள்துணி தைத்துவிட்டு அப்படியே வந்திருந்தாள். கை, தோள் எல்லாம் நூல். வாசலில் குடையை மடக்கும்போது அவள் அவரிடம் சொன்னாள்:

"நீங்க சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லுவேன். டைட்டு லூசுன்னாவது சொல்லுவேன்."

அறை சின்னது, ரேடியோ அம்மாவை ஒட்டிக்கொண்டு நின்றாள். டீச்சர் எங்களை உட்காரச் சொல்லி, நான் யார் என்று கேட்டார். பக்கத்து வீடு என்றேன். சூப் அம்மா என்று அவருக்கு அடையாளம் தெரிந்து சிரித்தார். பிறகு அவர் பேசத் தொடங்கினார், ஃபிரிட்ஜ்காரர் தலையாட்டத் தொடங்கினார். இவரும் நல்ல இங்கிலீஷ்தான் பேசினார். கடைக்காரர்களிடம் பேசிப் பழகிய இங்கிலீஷ். ஆமாம் மேடம், புரிகிறது மேடம், சரி மேடம். டீச்சர் சொன்னது எனக்கும் ஓரளவு புரிந்தது. பிள்ளை மந்தம் என்று அவர் நினைக்கவில்லை, துண்டுகளைச் சேர்த்த வேகம் அவருக்கே குழப்பமாக இருக்கிறது. ஆனால் சொந்த மொழியிலேயே இவ்வளவு மௌனமாக இருக்கும் பிள்ளைக்கு இங்கே உதவ அவரிடம் வழி இல்லை. சொந்த மொழி என்று அவர் சொன்னது இங்கிலீஷை.

வீட்டில் விளையாடும்போது எப்படிப் பேசுவாள் என்று டீச்சர் கேட்டார். ஃபிரிட்ஜ்காரர் தலையாட்டுவதை நிறுத்தினார். தங்கச்சி அவரையே பார்த்தாள். பேசுவாள் மேடம் என்று மட்டும் சொன்னார். எதில் என்று சொல்லவில்லை.

சரி, கடைசியாக ஒருமுறை பார்ப்போம் என்று டீச்சர் வண்ண அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். ஒரு கட்டத்தில் விரல் வைத்து இது என்ன நிறம் என்று கேட்டார். நீலம். குருடனுக்கும் தெரியும் நீலம். ரேடியோ அட்டையைப் பார்த்தாள், அப்பாவின் வாயைப் பார்த்தாள். அவர் உதடு அவரை அறியாமல் அந்தச் சொல்லுக்குக் குவிந்து நின்றது.

சொல்லுக்குப் பதில் அவள் ஒன்று செய்தாள். அம்மாவின் தோளிலிருந்து ஒரு நூலைப் பிடுங்கினாள். நீல நூல். அதை அட்டையில் அந்தக் கட்டத்தின் மேல் நீளமாக வைத்தாள். குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு நூலை எடுத்தாள்.

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. தங்கச்சிக்குத்தான் விளங்கியது, பிறகு அவள்தான் எனக்குச் சொன்னாள். அந்த வீட்டில் நிறத்துக்குப் பெயர் சொல்வது விளையாட்டு இல்லை. வாடிக்கையாளர் துணியை வைத்ததும், பெட்டியில் நூல் தேடி எடுத்துக்கொடுப்பது ரேடியோவின் வேலை. நீலம் என்று எடுத்து ஒரு நூல் மாறிப்போனால் தைத்த அவ்வளவையும் பிரிக்க வேண்டும். சரியாகப் பொருந்தினால்தான் அது அந்த நிறம், இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. அவள் கணக்கில் அப்பா சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ் சொல் ஒரே ஒரு நீலத்துக்குத்தான். அட்டையில் இருந்தது அது இல்லை.

தங்கச்சி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். டீச்சர் முன்னால், வாய்விட்டு, தமிழில் கேட்டாள்:

"ஏய், இதுக்கு எந்த நூல்டி போடலாம்?"

ரேடியோவின் கை உதட்டுக்குப் போனது. விரலை வைத்துக்கொண்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் எங்கே பார்ப்பார்? அந்த அறையில் பேப்பர்கூட இல்லை. ஜன்னலைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, அவள் உயரத்துக்கு முழங்காலிட்டு, ஃபிரிட்ஜிடம் குனிவது போலத் தலையைச் சாய்த்தார்.

"சொல்லும்மா. அப்பாவுக்குக் கேக்குது."

அவள் உடனே பேசவில்லை. நம்ப வேண்டாமா? கொஞ்ச நேரம் அவர் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ரகசியம் மாதிரி ஆரம்பித்தாள்.

"இதுக்கு நம்மகிட்ட நூல் இல்லப்பா. கண்டக்டர் பேண்ட்டுக்குப் போட்டோமே, அது இருட்டு நீலம். டாக்டரம்மா பாவாடைக்குப் போட்டது தண்ணி நீலம். இது ரெண்டுக்கும் நடுவுல. கடையில கேக்கணும்."

அடுத்த கட்டத்தில் விரலை வைத்தாள். இது மழை வருவதற்கு முந்தின வானம். இதற்கு நூல் இருக்கிறது, ஆனால் தீரப்போகிறது. அடுத்தது சட்டைக் காலரில் அழுக்கு போகாமல் நின்ற மஞ்சள். குரல் ஏற ஏற, என் காதில் பழைய படிக்கட்டு கேட்டது. அட்டை முடிந்ததும் யாரும் கேட்காமலேயே படங்களின் அடுக்கை இழுத்தாள். குடை பிடித்த பெண் படத்தைப் பார்த்து, இவங்க கோட்டுப் பட்டனை மாத்திப் போட்டிருக்காங்க, யாராவது சொல்லக் கூடாதா என்றாள். சமையலறைப் படத்தில் ஃபிரிட்ஜ் கதவு திறந்துகிடந்தது.

"மூடச் சொல்லுப்பா. இப்படித் தொறந்து போட்டா கம்ப்ரசர் போயிடும். அப்புறம் உன்னத்தான் கூப்பிடுவாங்க, நீ சாப்பிடாம ஓடுவ."

தங்கச்சி சிரித்தாள், கண்ணீரும் வந்தது, எதைத் துடைப்பது என்று தெரியாமல் இரண்டையும் முந்தானையால் துடைத்தாள்.

கம்ப்ரசர் மாதிரி ஒன்றிரண்டு சொல் மட்டும்தான் டீச்சருக்குப் புரிந்திருக்கிறது. அவர் ஃபிரிட்ஜ்காரரைப் பார்த்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். இவர் முழங்காலிட்டபடியே திரும்பி, மொழிபெயர்க்கத் தொடங்கினார். இந்த நீலம் அந்த நீலம் இல்லை மேடம் என்றார். வானம் என்றார். மழைக்கு முன் என்றார். காலர் என்றார், தன் காலரைத் தொட்டுக் காட்டினார். அதற்கு மேல் போகவில்லை. கடைக்காரர்களிடம் பேசுகிற இங்கிலீஷில் அவர் மகள் சொன்னதற்கு இடம் இல்லை. கையை விரித்தார்.

பிறகு எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, இங்கிலீஷில் சொன்னார். மேடம், இதைச் சொல்ல என் இங்கிலீஷ் போதாது. எங்கள் வீட்டு மொழி தமிழ். சேர்க்கை அன்று நான் தப்பாகச் சொன்னேன். நான்தான் சொன்னேன், என் மனைவிக்கு அதில் சம்பந்தம் இல்லை.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. எப்போதிலிருந்து பேச்சு நின்றது?

வீடு வீடாகப் போய் ஃபிரிட்ஜ்காரர் கேட்கிற அதே கேள்வி. அவருக்கும் அது தைத்திருக்கும். நான் தமிழுக்குப் பதில் சொல்வதை நிறுத்தியதிலிருந்து மேடம் என்றார்.

பிறகு டீச்சர் பேசியதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. வண்டி, மறுகோடிப் பள்ளி என்ற பேச்சை நிறுத்திவைக்கிறோம் என்றார். பொய் சொன்னதற்காக யாரையும் வெளியே தள்ளுவதில்லை, ஆனால் பிள்ளை வீணாக இழந்த நாட்களை யார் திருப்பித் தருவது என்றார். அதில் தன் பங்கும் உண்டு, அம்மாவை ஒருமுறைகூட வரச்சொல்லாமல் பரீட்சை வைத்துவிட்டேன் என்றார். தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து மறுபடியும் முழுசாகப் பார்க்கப்போகிறார். வீட்டில் தமிழிலேயே பேசுங்கள், நிறையப் பேசுங்கள், அது இங்கிலீஷைக் கெடுக்காது என்று தங்கச்சியைப் பார்த்துச் சொன்னார். அதை மொழிபெயர்த்தது ஃபிரிட்ஜ்காரர்தான். அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்.

கடைசியில் டீச்சர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ரேடியோ தன் வயதுப் பிள்ளைகளோடு மேலே போகலாம், ஆனால் தினமும் கொஞ்ச நேரம் அந்தத் தனி அறைக்குப் போய் இங்கிலீஷை முதலிலிருந்து படிக்க வேண்டும். இன்னொன்று, தனி அறை வேண்டாம் என்றால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம் இருக்கலாம். யோசித்து அடுத்த வாரம் சொல்லுங்கள் என்றார்.

அவர்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது மழை விட்டிருந்தது. ரேடியோ நடுவில் நடந்தாள், இரண்டு பக்கமும் செய்தி வாசித்துக்கொண்டு. நான் சாப்பாட்டுக் கூடத்துக்குத் திரும்பினேன். மறுநாள் வரிசையில் வந்த ரேடியோ தட்டை நீட்டி, பெரியம்மா, சூப்புல உப்பு போட்டியா என்று கூடமே கேட்கக் கேட்டாள். என்னோடு வேலை செய்கிறவள் கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள்.

இப்போது சாயங்காலங்களில் சுவருக்கு அந்தப் பக்கம் மறுபடியும் சண்டை. தமிழில்தான். தங்கச்சி தனி அறைக்கு அனுப்பலாம் என்கிறாள். நான் அந்த அறையை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன், ஜன்னல் பெரிது, சுவரில் படம் ஒட்டியிருக்கிறது, உள்ளிருந்து சிரிப்புச் சத்தம்கூடக் கேட்கும். அவர் முடியாது என்கிறார். ஒரு வருஷம் போனால் போகட்டும், என் பொண்ணு அந்த ரூம் பொண்ணு ஆகக் கூடாது என்கிறார். அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. நேற்று இருவர் குரலும் ஏறிக்கொண்டே போனபோது மூன்றாவதாக ஒரு குரல் கேட்டது.

"ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க. பெரியம்மா வீட்டுக்குக் கேக்குது."

கேட்கிறதுதான். இன்று தங்கச்சி கதவைத் தட்டி, நீங்க என்னக்கா சொல்றீங்க என்று கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதனால்தான் இங்கே எழுதினேன். இதைப் படிக்கிறவர்களில் சின்ன வயதில் அப்படி ஒரு தனி அறையில் உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள். பிள்ளையை அங்கே அனுப்பியவர்களும் அனுப்ப மறுத்தவர்களும் இருப்பீர்கள். பிறகு என்ன ஆனது? அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டே இருந்ததா, போய்விட்டதா? நல்லது கெட்டது எதுவானாலும் நடந்ததை நடந்தபடி கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள். அடுத்த வாரத்துக்குள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து இருவருக்கும் வாசித்துக் காட்டப்போகிறேன். அவர் கேட்பார்.